பிறந்த வீட்டு அரிசி

நேரில் பார்க்காத ஒன்றைப் பற்றிப் பேசுவதற்கு ஆங்கிலத்தில் வசதியாகச் சில சொற்கள் இருக்கின்றன. மஸ்ட், மே, மைட், காண்ட். மஸ்ட் என்றால் நான் பார்க்கவில்லை, ஆனால் அப்படித்தான் இருந்தாக வேண்டும். மே என்றால் இருக்கலாம். மைட் என்றால் இருந்தாலும் இருக்கலாம், அதற்காக என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதே. காண்ட் என்றால் இருக்கவே முடியாது. ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்துக்கொண்டு, சாயங்காலங்களில் என் மகளுக்கு இவற்றைச் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கு அப்போது பதினேழு வயது. அந்த வருடக் கடைசியில் மலாக்கா டவுனில் சீனியர் பரீட்சை எழுத வேண்டியவள்.

"தொர காரு பங்களா வாசல்ல நிக்குது. என்னா சொல்லுவ?"

"தொர வீட்டுல இருக்கணும். மஸ்ட்."

"டிரைவர் சும்மா கழுவ எடுத்தாந்திருந்தா?"

"அப்ப மே. ஆனா தொர இல்லாதப்ப அந்தாளு என்னைக்குப்பா காரு கழுவிருக்காரு? மறுபடியும் மஸ்ட்தான்."

எனக்குப் பெருமை தாங்காது. இந்தச் சொற்களைச் சரியாகப் பிடித்துக்கொண்டவள் உலகத்தில் எங்கும் பிழைத்துக்கொள்வாள் என்று மனைவியிடம் சொன்னேன். உலகம் என்றால் அன்றைக்கு எனக்கு லூபோக் சீனாவிலிருந்து மலாக்கா வரைக்கும்.

எங்கள் தோட்டத்தில் மற்றவர்களுக்கு இந்தச் சொற்கள் தேவைப்படவில்லை. வெள்ளைக்கார சர்க்கார் அவசரகாலம் என்று அறிவித்திருந்த அந்த வருடங்களில் எல்லாருக்கும் எல்லாமே நிச்சயமாகத் தெரிந்திருந்தது. லாரி வரத் தாமதமானால் காட்டுக்காரர்கள் மறித்துவிட்டார்கள் என்பது நிச்சயம். காட்டுக்குள் இருந்துகொண்டு சர்க்காரோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கொஞ்ச நேரத்தில் லாரி வந்து, டயர் வெடித்தது என்று டிரைவர் சொன்னால், டயரை வெடிக்க வைத்ததும் அவர்கள்தான் என்பது நிச்சயம். யாராவது புதுச் சட்டை போட்டால் அவன் போலீசுக்குத் துப்புக் கொடுத்தவன். பழைய சட்டையே போட்டிருந்தால், கொடுத்துவிட்டு மறைக்கிறான். சர்க்காரும் எங்களுக்குச் சளைத்ததில்லை. தோட்டத்துக்காரன் பசியாறியது போக ஒரு பிடி மிஞ்சினால், அந்த ஒரு பிடி காட்டுக்குத்தான் போகிறது என்று அதற்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

ஆகவே அரிசிக்குப் பங்கீடு. கேட்டைத் தாண்டித் தின்பண்டம் எதுவும் போகக்கூடாது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் காலைக் கஞ்சியைக்கூட வீட்டிலேயே குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். கடைக்காரர் டின் பாலை விற்கும்போதே ஓட்டை போட்டுக் கொடுப்பார். ஓட்டை போட்ட டின் காட்டுக்குள் போய்ச் சேர்வதற்குள் கெட்டுப்போகும் என்பது ஏற்பாடு. எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த டின்களும் அந்த ஏற்பாட்டுக்கு ஒழுங்காகக் கீழ்ப்படிந்தன. கேட்டில் ஆண்களுக்கு வெளியிலும், பெண்களுக்குத் தகரக் கொட்டகைக்குள்ளும் பரிசோதனை. முந்தானை, கொண்டை, வெற்றிலைப் பை எல்லாவற்றையும் தடவிப் பார்ப்பார்கள்.

இந்த நிலைமையில் என் அக்கா இறந்துபோனாள். அவளுக்கு அரசியல் தெரியாது, இல்லாவிட்டால் கொஞ்சம் தள்ளிப்போட்டிருப்பாள்.

காலையில் ஆள் கணக்கு எடுக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். லூபோக் சீனாவுக்கு அப்பால் உள்ள அக்கா தோட்டத்திலிருந்து வந்த லாரிதான் சேதி கொண்டுவந்தது. அதே லாரியில் அப்படியே ஏறிவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றவில்லை. எங்களில் பெண் இறந்தால் பிறந்த வீட்டுக்காரர்கள் கோடிச் சேலை கொண்டுபோய்ப் போர்த்த வேண்டும். அது தவிர, பிறந்த வீட்டு அரிசியில் ஒரு பிடி கொண்டுபோய் அவள் வாயில் போட வேண்டும். புகுந்த வீட்டில் மூட்டை மூட்டையாக அரிசி இருந்தாலும் அது செல்லாது. கடைசி வாய் பிறந்த வீட்டுடையது. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சியது நான்தான். அந்தப் பிறந்த வீடு வெறுங்கையோடு லாரியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

மனைவி கால் வீங்கிப் படுத்திருந்தாள். பெட்டியில் பிரிக்காமல் வைத்திருந்த புதுச் சேலையை எடுத்து மகளிடம் கொடுத்து, பஸ் ஏறிப் பின்னாலேயே போகச் சொல்லியிருக்கிறாள். சேலையின் ஓரத்தில் ஒரு பிடி அரிசியை முடிந்தும் கொடுத்திருக்கிறாள். "ஒரு புடிக்கு யாருடி கேக்கப்போறா? செத்தவ வாய்க்குப் போறது. சாமிக்குத் தெரியும்" என்றாளாம். சாமிக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கேட்டில் அன்றைக்குச் சாமிக்கு டூட்டி இல்லை.

எழவு வீட்டில் நான் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தானுடைய மூத்த தமக்கை, நான் மதினி என்று கூப்பிடுகிறவர், அங்கே எல்லா வேலைகளையும் கட்டி நடத்திக்கொண்டிருந்தார். அந்தத் தோட்டத்தில் பிறப்பு இறப்பு எதுவும் அவர் இல்லாமல் நடக்காது. சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் கொண்டையிலிருந்தும் வெற்றிலைப் பையிலிருந்தும் ஒரு பிடி அரிசியை எடுத்து மூலையில் இருந்த முறத்தில் கொட்டினாள். அத்தனை கேட்டுகளையும் தாண்டி வந்த அரிசி. சர்க்கார் பார்த்திருந்தால் தன் பரிசோதனையைப் பற்றித் தானே ஒரு முடிவுக்கு வந்திருக்கும்.

"எங்க கிராணி, பொறந்த வீட்டுக் கோடி?" என்றார் மதினி.

"மக கொண்டாறா. பஸ்சு லேட்டா இருக்கும்."

"பஸ்சு எப்பவோ போயிருச்சு. நம்ம அத்தாப்புக் கூரை வீட்டுக்காரி அதுலதான் வந்தா. வயசுப் பொண்ண தனியா வுட்டா இப்படித்தான். எவனோ இருக்கணும்."

"ஸ்கூலுக்குப் போயிருக்கும்லா. படிச்ச புள்ளைக்குச் சாவாவது ஒண்ணாவது" என்றது சுவரோரமாக ஒரு குரல்.

"அதெல்லாம் இல்ல. பயந்துருக்கும். பொணத்தப் பாத்தா பயப்படுற ஜாதி."

அங்கே உட்கார்ந்திருந்த எவரும் அவளை அன்றைக்குப் பார்க்கவில்லை. ஒருவர்கூட 'மே' சொல்லவில்லை.

எங்கள் தோட்டத்து லாரி டிரைவர் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கிராணி, பதறாதீங்க. பாப்பாவ கேட்டுல புடிச்சுட்டாங்க. சேலையில அரிசி இருந்துச்சாம். ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிட்டாங்க."

பதறாதீங்க என்று அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அதன் பிறகு லாரியில் எப்படி ஏறினேன் என்பது எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பதெல்லாம் வழியில் மனத்துக்குள் ஓடியது மட்டும். காட்டுக்குச் சோறு கொண்டுபோனதாகப் பிடிபட்டவர்களை விசாரணை இல்லாமலே உள்ளே வைத்திருக்கலாம். எங்கள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பத்தை மொத்தமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். என் மகள் இந்தியாவைத் தேசப் படத்தில் பார்த்திருக்கிறாள். நானும் அவ்வளவுதான்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் இளைஞன். வெயிலில் வெந்த சிவப்பு முகம். மரியாதை தெரிந்தவன். எனக்கு நாற்காலி போடச் சொன்னான். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர், தமிழர்தான், பாச்சாங் பக்கத்து டவுன்காரர், சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். மேசைமேல் கோடிச் சேலை பிரித்துப் போடப்பட்டிருந்தது. அதன் அருகில் ஒரு காகித உறைக்குள் அரிசி, மேலே முத்திரை. ஒரு பிடி அரிசிக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் பின்னும் நடந்து நான் பார்த்ததில்லை. மகள் சுவரோரப் பெஞ்சில் இருந்தாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவளை ஆங்கிலத்திலேயே விசாரித்திருக்கிறார்கள். அரிசி யாருக்கு? என் அத்தைக்கு. அத்தை எங்கே? இறந்துவிட்டாள். எப்போது? நேற்று ராத்திரி இறந்திருக்க வேண்டும், மஸ்ட் ஹேவ் டைடு. நீ பார்த்தாயா? இல்லை. சரியான பதில்கள். பரீட்சையில் முழு மதிப்பெண். அந்த ஒவ்வொரு சரியான பதிலுக்கும் அவள்மேல் சந்தேகம் ஒரு படி ஏறியிருக்கிறது. தோட்டத்துப் பெண் இவ்வளவு நல்ல ஆங்கிலத்தில் இவ்வளவு அளந்து பேசுகிறாள் என்றால், யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டியிருந்தான். அதில் அவன் தப்புச் செய்யவில்லை. சொல்லிக்கொடுத்தவன் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"இதை முடிந்தது யார்?" என்று என்னைக் கேட்டான்.

"என் மனைவி முடிந்திருக்க வேண்டும்."

"வேண்டும் என்றால்? உமக்குத் தெரியாதா?"

"நான் அப்போது வீட்டில் இல்லை."

"இதை எதற்காகக் கொண்டுபோகிறார்கள்?"

"இறந்தவளின் வாயில் போட."

 அவன் குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாக எடுத்துச் சொன்னான். இறந்தவர்கள் சாப்பிடுவதில்லை. ஆகவே இது உயிரோடு இருக்கிற யாருக்கோ போகிற அரிசி. இறந்தவள் வீட்டிலேயே பங்கீட்டு அரிசி இருக்கிறது. அரிசி இருக்கிற வீட்டுக்கு யாரும் அரிசி சுமந்துகொண்டு போகமாட்டார்கள். ஆகவே இது அந்த வீட்டுக்குப் போகிற அரிசியாக இருக்க முடியாது. வேறு எங்கே போகும்? ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினான். வெளியே காடுதான் இருந்தது. அந்தப் பக்கத்தில் எந்த ஜன்னல் வழியாகப் பார்த்தாலும் காடுதான் தெரியும்.

என் மாணவனாக இருந்திருந்தால் அவனை எழுப்பி நிறுத்திக் கைதட்டச் சொல்லியிருப்பேன். மஸ்ட், காண்ட் எல்லாம் அதனதன் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. ஒரு கண்ணி தவறவில்லை. முடிவு மட்டும்தான் பொய்.

மொழிபெயர்ப்பாளரைக் கேட்டான். இவர்களிடம் இப்படி ஒரு பழக்கம் உண்டா?

"எங்க வீட்டுல இல்ல சார். இவங்கள்ல இருக்கலாம். நான் பார்த்ததில்ல" என்றார் அவர். அன்று முழுவதும் நான் சந்தித்தவர்களில் ஒழுங்காக 'மே' சொன்னவர் அவர் ஒருவர்தான். அது என் தலையில் இடியாக விழுந்தது.

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. "நீங்களே வந்து பாருங்கள்" என்றேன். "பிணம் இன்னும் வீட்டில் இருக்கிறது. இந்த அரிசிக்காகத்தான் எடுக்காமல் வைத்திருக்கிறார்கள். அங்கே யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பச்சைக் குழந்தைகூடச் சொல்லும்."

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டான். மகளையும் சேலையையும் அரிசி உறையையும் ஒரு கான்ஸ்டபிளோடு வண்டியில் ஏற்றச் சொன்னான். நான் செய்தது கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். முறம் நிறையக் கள்ள அரிசி உட்கார்ந்திருக்கிற வீட்டுக்கு நானே போலீசைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்பது வண்டி பாதி வழி போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் ரோட்டில் போலீஸ் வண்டி வருவது வெகு தூரத்துக்குத் தெரியும். "மாத்தா! மாத்தா வண்டி!" என்று லயத்து வரிசை வீடுகளின் குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடுவது எங்களுக்கே கேட்டது. நாங்கள் போய் இறங்கியபோது ஒப்பாரி உச்சத்தில் இருந்தது. மூலையில் முறம் சுத்தமாகத் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பெண்களின் கொண்டைகள் எல்லாம் அவிழ்ந்து கிடந்தன. துக்கம்தான்.

இன்ஸ்பெக்டர் கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். செத்தவர் வாயில் அரிசி போடும் வழக்கம் உங்களுக்கு உண்டா?

மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். "அரிசியா? எந்த அரிசி? பங்கீட்டுல குடுக்குறது எங்க வயித்துக்கே பத்தலீங்க. இதுல பொணத்துக்கு வேறயா?"

"வழக்கம் உண்டா இல்லையா?"

"எங்க ஜாதியில அப்படிப் பழக்கமே கெடையாதுங்க."

"கெடையவே கெடையாது" என்றார் ஒரு பெரியவர்.

"ஊர்ப்பக்கம் இருக்கும். இங்க யாரும் போடுறதில்லலா" என்றாள் காலையில் கொண்டையிலிருந்து முதல் பிடியை எடுத்துக் கொட்டியவள்.

ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் இல்லை என்றார்கள். அத்தான் மட்டும் அக்காவின் தலைமாட்டில் முகத்தைக் கைகளில் புதைத்து உட்கார்ந்திருந்தார். அவரைக் கேட்க மொழிபெயர்ப்பாளருக்கு மனம் வரவில்லை. நான் மதினியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை என்று எழுத ஆசை. ஒவ்வொருத்திக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் கப்பல் இருந்தது. அதெல்லாம் எனக்குப் பிறகு புரிந்தது. அந்த நிமிஷத்தில் என் மகளின் முகம் மட்டும்தான் தெரிந்தது. சொந்தங்கள் ஒவ்வொருவராக இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல, அவள் அவர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பரீட்சைத் தாளில் கேள்வியே மாறி வந்திருப்பதைப் பார்ப்பதுபோல்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினான். இப்போது அவன் குரலில் மரியாதை குறைந்திருந்தது. ஆனாலும் முறைப்படி நடப்பவன். உறையைப் பிரித்து அரிசியை என் மகள் கையில் கொட்டினான். இதை வைத்து என்ன செய்யப்போனாயோ அதைச் செய்து காட்டு என்றான்.

அவள் முன்பின் பார்த்திராத காரியம். தான் உடுத்தியிருந்த சேலையைச் சரிசெய்துகொண்டு, அரிசிப் பிடியோடு அத்தையின் தலைமாட்டுக்குப் போனாள். பெரிய காரியம் எதற்கும் முதலில் சுற்றி வர வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கோயிலில் சுற்றியிருக்கிறாள். ஆகவே கோயிலில் சுற்றுவதுபோல் வலமாகச் சுற்றத் தொடங்கினாள்.

"அடியே! அடியே!" மதினியின் குரல் ஒப்பாரியைக் கிழித்துக்கொண்டு வந்தது. "கோயிலாடி சுத்துற? எடமா சுத்துடி! எடமா!"

மகள் திகைத்து நின்றாள். பிறகு திரும்பி இடமாகச் சுற்றி வந்தாள். குனிந்து, பிரசாதம் போடுவதுபோல் விரல்களால் அரிசியை எடுத்தாள்.

"கையத் திருப்பு! பொறங்கையால வுடணும். பொறந்த வீட்டு அரிசிய இப்படியா போடுவாங்க? இவ அப்பன் இங்கிலீசு சொல்லிக்குடுத்தானே, இதச் சொல்லிக்குடுத்தானா?"

"மொதல்ல கன்னிப் பொண்ணு போடலாமா அக்கா? கிராணியில்ல போடணும்?" என்றார் பழக்கம் கிடையவே கிடையாது என்ற பெரியவர்.

"கோடி போத்தாம அரிசி போடக்கூடாது. கோடி எங்க? அந்தச் சேலைய எடுங்க மொதல்ல!" என்றாள் இன்னொருத்தி. அவள் எட்டிப் பிடுங்கியது கான்ஸ்டபிளின் கையில் சாட்சிப் பொருளாக இருந்த சேலையை. அவர் கொடுத்துவிட்டார்.

எங்கள் ஆட்கள் உயிருக்குப் பயந்து எதை வேண்டுமானாலும் இல்லை என்பார்கள். ஆனால் ஒரு சடங்கை ஒருத்தி தப்பாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு அவர்களால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. இருக்கவே முடியாது. இதில் நான் தைரியமாக எழுதுகிறேன், ஏனென்றால் நேரில் பார்த்தேன்.

மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றாக இன்ஸ்பெக்டரின் காதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லி முடித்ததும், இன்ஸ்பெக்டர் மதினியைக் காட்டி என்னவோ கேட்டான்.

"பழக்கமே இல்லைன்னு சொன்னீங்களே, அம்மான்னு கேக்குறாரு."

மதினிக்கு அப்போதுதான் தான் செய்தது தெரிந்தது.  ஆனால் அவரை மடக்கிய ஆள் இன்னும் பிறக்கவில்லை. "பழக்கம் இல்லைன்னுதான சொன்னேன்? எப்படிப் போடணும்னு தெரியாதுன்னு சொன்னேனா?" என்றார்.

இன்ஸ்பெக்டர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். சிரித்தானா என்று எனக்குத் தெரியாது. வாசலுக்கு எதிரே சாக்கடையோரம் லயத்துக் கோழிகள் அத்தனையும் கூடி, தலை நிமிராமல் கொத்திக்கொண்டிருந்தன. அவன் அவற்றை நீண்ட நேரம் பார்த்தான்.  கடைசியில் தொப்பியை மாட்டிக்கொண்டு, இந்தக் கோழிகள் அதிர்ஷ்டசாலிகளாக இருக்க வேண்டும் என்றான். மஸ்ட் பி. வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

பெண்ணை விட்டுவிட்டேன் என்று அவன் வாயால் சொல்லவில்லை. அதை நாங்களே ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. வண்டி கண்ணுக்கு மறையும் வரை நான் அவளைத் தொடவில்லை. பிறகு கோடி போர்த்தினோம். மிச்சம் இருந்த அரிசியை நான் புறங்கையால் அக்காவின் வாயில் விட்டேன். வழக்கில் இருந்த ஒரே சாட்சி அவளோடு குழிக்குப் போயிற்று. அக்கா உயிரோடு இருந்தபோது எனக்குச் செய்த உதவிகளில்கூட இது பெரியது.

மதினி என் மகளுக்குக் கறுப்புக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். "கோவிச்சுக்காதடி. எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்றார். மகள் வாங்கிக்கொண்டாள். "தெரியும் பெரியம்மா" என்றாள். அந்தத் தெரியும் என்ற சொல்லில் எந்த அளவுக்கு நிச்சயம் இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் தோட்டத்துக் கேட்டில் உள்ளே போகிறவர்களை யாரும் பரிசோதிப்பதில்லை. திரும்பி வந்தபோது லாரியிலிருந்து இறங்கிய மகள் நேராகத் தகரக் கொட்டகைக்கு முன்னால் போய்க் கைகள் இரண்டையும் விரித்து நின்றாள். "நீ போலாம்மா, உள்ள போறவங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் காவலுக்கு இருந்தவள். மகள் நகரவில்லை. நான் போய்க் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன்.

இப்போது எங்கள் பகுதியைக் காட்டுக்காரர்கள் இல்லாத வெள்ளைப் பகுதி என்று அறிவித்துவிட்டார்கள். அரிசியை யாரும் எங்கும் கொண்டுபோகலாம். டின்களுக்கு ஓட்டை இல்லை. மகள் பரீட்சை தேறி, மலாக்கா டவுனில் ஆசிரியர் பயிற்சிக்குப் போய்வருகிறாள். சாயங்கால பஸ் வரத் தாமதமானால் மனைவி அடுப்படியிலிருந்து, "டயரு பஞ்சராயிருக்கும், சும்மா உக்காருங்க" என்கிறாள். இருக்கலாம். ஆயிருக்கும் என்பதை வைத்துக்கொண்டு என்னால் உட்கார முடிவதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டு முனைக்குப் போய் நிற்கிறேன். பஸ் வந்து, அவள் படியில் கால் வைத்து இறங்குவதைப் பார்த்த பிறகு, அந்தப் பக்கம் ஏதோ வேலையாக வந்தவன்போல் நடக்கத் தொடங்குகிறேன். அவளும் என்ன வேலை என்று கேட்பதில்லை.